தீமற்றிக்: வைத்தது யார்?

போன மாதம் எங்களுக்குள்ள ஒரு சண்டை. பெரிசா ஒண்டுமில்லை, ஒரு சொல்லைப் பற்றின சண்டைதான்.

எங்களில் ஒருத்தியின் தங்கச்சி தரம் 10 படிக்கிறாள். அவளுடைய பாடசாலைக்கு ஒரு கட்டுரைப் போட்டிக் கடிதம் மூன்று மொழிகளிலும் வந்திருந்தது. ஆங்கிலத்தில் 'தீமற்றிக் எஸ்ஸே கொம்பெட்டிஷன்'. தமிழில் 'தொனிப்பொருள் சார் கட்டுரைப் போட்டி'. தொனிப்பொருள்: 'ஒன்றிணைந்த நாளை'. முதற்பரிசு 15,000 ரூபா. தங்கச்சி எழுதிக் கொடுத்த கட்டுரை பாடசாலை மட்டத்திலேயே நின்றுவிட்டது. கட்டுரை அவளுடைய மாமாவின் சைக்கிளைப் பற்றியது. மாமா 2009இல் இருந்து இல்லை. அம்மா ஒவ்வொரு மாதமும் அந்தச் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று அடித்து வைக்கிறா. அவ்வளவுதான் கட்டுரை. ஆசிரியை நல்லவா, கோபிக்கவில்லை. "வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை, ஆனா தொனிப்பொருளுக்குள்ள வரேல்லை" என்று மட்டும் சொன்னாவாம்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் சண்டை தொடங்கியது. 'தீமற்றிக்' என்றால் தமிழில் என்ன? ஒருவர் 'கருப்பொருள் சார்ந்த' என்றார். இன்னொருவர், இல்லை, எங்கட நாட்டில் 'தொனிப்பொருள்' தான் புழக்கம் என்றார். மூன்றாமவர், இரண்டும் பிழை, 'விடயம் சார்ந்த' என்றால் போதும் என்றார். ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூட்டம் பன்னிரண்டு மணிக்கு அகராதிகளில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிரேக்கத்தில் 'தித்தேமி' என்று ஒரு வினை. 'வைக்கிறேன்', 'இடுகிறேன்' என்று அர்த்தம். அதிலிருந்து பிறந்த பெயர் 'தெமா'. வைக்கப்பட்டது, இடப்பட்டது. (யாப்புப் படித்தவர்கள் தேமா, புளிமாவை நினைக்கவேண்டாம், இது வேறு மரம்.) தெமாவின் பெயரடை 'தெமத்திக்கோஸ்'. அதுதான் ஆங்கிலத்துக்குப் போய் 'தீமற்றிக்' ஆனது. பெயர்ச்சொல்லான 'தீம்' பழைய பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300 அளவிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பெயரடை வர ஏறத்தாழ நானூறு வருடம் எடுத்திருக்கிறது.

கம்பஸில் படிக்கிறவர்களுக்குத் 'தீசிஸ்' என்ற சொல் வயிற்றைக் கலக்கும். அதுவும் இதே வினையில் பிறந்ததுதான். ஒருவர் முன்வைக்கிற கருத்து. அதற்குக் கீழே வைத்தால் ஹைப்போதீசிஸ், எதிரே வைத்தால் அன்ரிதீசிஸ். வேர் இன்னும் ஆழமானது. சமஸ்கிருதத்தில் 'தா' என்று ஒரு வேர் இருக்கிறது, இதற்கும் வைத்தல் என்றே பொருள். கிரேக்க வினையும் இதுவும் உடன்பிறப்புகள். அந்த வேரில் இருந்து நாங்கள் தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொற்கள் எத்தனை! பத்திரமாக வைத்த செல்வம் நிதி. சேர்த்து வைத்த இடம் சந்தி, ஆரியகுளம் சந்தி உட்பட. வகுத்து வைத்தது விதி. அடிப்படையாக வைத்தது தாது. புனித எச்சத்தை உள்ளே வைத்துக் கட்டியது தாதுகோபம். அனுராதபுரத்துத் தாதுகோபத்துக்கும் 'தீம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரே பூட்டன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மை.

சரி, கிரேக்கர் முதலில் எதை வைத்தார்கள்? காசை. தெமாவின் பழைய பொருள்களில் ஒன்று, ஒருவரிடம் வைப்பாகக் கொடுத்து வைத்த பணம். வங்கியில் 'நிலையான வைப்பு' என்கிறோமே, அந்த வைப்பு. அங்கிருந்து அது போட்டிகளுக்குப் போனது. இந்த இடத்தில்தான் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

பழைய கிரேக்க உலகின் போட்டிகள் இரண்டு வகை. ஒன்று முடிப் போட்டி. ஒலிம்பியாவில் வென்றால் காட்டு ஒலிவ் இலைமுடி, டெல்பியில் லோறல், நெமேயாவில் காட்டுச் செலரி. ஒரு சதம் கிடையாது. சொந்த ஊர் தருகிற மரியாதையும் சலுகையும்தான் வருமானம். மற்றது, முன்கூட்டியே பரிசுப் பணத்தை வைத்து நடத்துகிற போட்டி. இந்த இரண்டாவது வகைக்குப் பெயர்தான் தெமத்திக்கோஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சொற்களைத் தொகுத்த பொலுக்ஸ் என்பவர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அன்றைய சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில், ஊருக்கு ஊர் தெமத்திக் போட்டிகள் நடந்தன. லிக்கியா மலைப்பகுதியில் ஒயினோவாண்டா என்று ஒரு சின்ன நகரம். அங்கே கயுஸ் யூலியுஸ் தெமொஸ்தெனேஸ் என்ற பெரிய மனிதர், சக்கரவர்த்தி ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 124 அளவில், தன் பெயரிலேயே ஒரு கலைவிழாவுக்கு நிதி வைத்தார். நாலு வருடத்துக்கு ஒருமுறை விழா. எக்காளம் ஊதுகிறவர்களில் வென்றவருக்கு 50 தினாரியஸ். நாடகக் கவிஞர்களுக்கு அதைவிடக் கூட. கிதாரா மீட்டிப் பாடுகிறவருக்கு 300. இவ்வளவும் சக்கரவர்த்தியின் ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து 117 வரிக் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. விழாவுக்கு இட்ட பெயர் தெமொஸ்தெனேயா. அனுசரணையாளர் பெயரைப் பதாகையில் பெரிசாகப் போடுகிற வழக்கம் நேற்று வந்ததில்லை.

இப்போது அந்தப் போட்டிக் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். 'தீமற்றிக்' போட்டி, முதற்பரிசு 15,000 ரூபா. பழைய அர்த்தத்தில் பார்த்தால் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை! காசு வைத்து நடத்துகிற போட்டி. தலைப்பை யார் வைப்பது என்று கிரேக்கரிடம் கேட்டிருந்தால், காசை வைத்தவர்தான் என்று சொல்லியிருப்பார்களோ தெரியாது. நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம்.

தெமாவுக்கு இன்னொரு பொருள், சொன்னால் வீட்டில் அம்மாமார் உடனே விளங்கிக்கொள்வார்கள்: சாதகம். பிறந்த நேரத்தில் கிரகங்கள் எந்தெந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தன என்ற கட்டம். ஒகஸ்டஸ் சக்கரவர்த்தியின் வரலாற்றை எழுதிய சுவெற்றோனியஸ் ஒரு கதை சொல்கிறார். ஒகஸ்டஸ் இளைஞனாக அப்பொலோனியாவில் இருந்தபோது, நண்பன் அக்ரிப்பாவோடு தியோகெனேஸ் என்ற சோதிடரிடம் போனார். அக்ரிப்பாவுக்கு நம்பமுடியாத அளவுக்கு நல்ல பலன் சொல்லப்பட்டது. தனக்கு அதைவிடக் குறைவாக வந்துவிடுமோ என்று வெட்கப்பட்டு ஒகஸ்டஸ் தன் பிறந்த விபரத்தைச் சொல்லவே மறுத்தார். பிறகு, கெஞ்சின பிறகு, சொன்னார். சோதிடர் துள்ளி எழும்பி அவருடைய காலில் விழுந்தார். அதற்குப் பிறகு ஒகஸ்டஸ் தன் தெமாவை ஊருக்கே பகிரங்கப்படுத்தி, தன் ராசியான மகரத்தைப் பொறித்து வெள்ளிக் காசும் அடித்தார். உச்சிக்கு வந்தவர் தன் கட்டத்தை ஊர் முழுக்கக் காட்டுகிறார். இனி நீங்கள் எல்லாரும் வாழப்போவது இந்தக் கட்டத்துக்குள்தான் என்று சொல்லாமல் சொல்வதுபோல இருக்கிறது, எங்களுக்கு.

பிறகு சொல் பள்ளிக்கூடத்துக்குள் போனது, அங்கேதான் இன்றைய பொருளும் எடுத்தது. உரோமாபுரியில் பேச்சுக்கலை படிப்பித்த ஆசிரியர்கள் மாணவனுக்கு ஒரு கற்பனை வழக்கை வைப்பார்கள். மாணவன் எழும்பி ஒரு பக்கம் எடுத்துப் பேசவேண்டும். அந்த வழக்கின் பெயர் 'தெமா'. எப்படிப்பட்ட வழக்குகள்? கடற்கொள்ளையர், கொடுங்கோலர், சிற்றன்னை வைத்த நஞ்சு, மகனைக் கைவிட்ட தகப்பன். பெற்றோனியஸ் எழுதிய 'சத்திரிக்கோன்' என்ற கதை எங்களுக்குக் கிடைத்திருக்கிற அளவில் இதைப் பற்றின திட்டோடுதான் தொடங்குகிறது. கடற்கரையில் சங்கிலியோடு நிற்கிற கொள்ளைக்காரனைப் பற்றியே பேசிப் பேசி, அன்றாட வாழ்க்கையில் நடக்கிற எதையும் காணாமல், பெடியள் பள்ளிக்கூடத்திலேயே முட்டாள்களாகிறார்கள் என்பது அந்தக் கோபத்தின் சாரம். கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கோபம். சாதாரண தரத்துக்கு 'நான் ஒரு பழைய குடை பேசுகிறேன்' எழுதிப் பழகின எங்களுக்கு அந்தக் கோபம் அந்நியமாகத் தெரியவில்லை. குடையாவது பரவாயில்லை, வீட்டில் ஒரு குடை இருந்தது.

நடுக்கால ஐரோப்பாவில் பிரசங்கிகள் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வேதாகமத்தில் ஒரு வசனத்தை முன்னால் வைத்து, அதைக் கிளை கிளையாகப் பிரித்துப் பிரசங்கம் செய்வது 13ஆம் நூற்றாண்டில் இருந்து பெரிய வழக்கமானது. அந்த வசனம்தான் தெமா. சோசர் எழுதிய 'கன்ரபெரிக் கதைக'ளில் பாவமன்னிப்புப் பத்திரம் விற்கிற ஒருவன் வருகிறான். தன் பிரசங்கத்துக்கு எப்போதும் ஒரே தெமாதான், பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்று வெட்கமில்லாமல் சொல்கிறவன். அதைச் சொல்லிச் சொல்லியே சனத்தின் காசைக் கறக்கிறான். தலைப்பு உத்தமமாக இருந்தால் வைக்கிறவரும் உத்தமர் என்று நினைக்கிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எங்களுக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பாடசாலைகளில் இதே சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: தாய்மொழியில் இருக்கிற பந்தியை வேற்று மொழிக்கு மாற்றுகிற பயிற்சி. அங்கேயும் ஆசிரியர் ஒன்றை முன்னால் வைக்கிறார், பிள்ளை குனிந்து எழுதுகிறது.

இந்த இடத்தில் வரலாற்றுப் பாடம் படித்தவர்கள் கையை உயர்த்துவார்கள்: பைசாந்தியத்தில் 'தீம்' என்றால் மாகாணம் அல்லவா? ஓம். கிழக்கு உரோமப் பேரரசு 636இல் யர்மூக்கில் தோற்றுச் சிரியாவை இழந்தது, கொஞ்ச வருடத்தில் எகிப்தையும் இழந்தது. மிஞ்சின படைகள் சின்ன ஆசியாவுக்குப் பின்வாங்கி, அங்கே பகுதி பகுதியாக வைக்கப்பட்டன. காலப்போக்கில் படையின் பெயரே நிலத்தின் பெயரானது. கீழைப் படை இருந்த இடம் அனத்தோலிக்கோன், ஆர்மேனியப் படை இருந்த இடம் ஆர்மேனியாக்கோன். இதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது திராக்கேசியோன். திரேஸ் என்ற நிலம் ஐரோப்பாக் கரையில் இருக்கிறது. அந்த நிலத்துப் படையைக் கடல் தாண்டி மேற்குச் சின்ன ஆசியாவில் வைத்தார்கள். அது தன் பெயரைக் கையோடு கொண்டுபோய்ப் புது ஊருக்குக் கொடுத்துவிட்டது. இடம்பெயர்ந்த பாடசாலை சொந்த ஊரின் பெயரோடு இன்னோர் ஊரில் இயங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதினமில்லை.

ஆங்கில வரலாற்று நூல்களில் இந்தப் படைகளைத் 'தீமற்றிக்' படைகள் என்றே எழுதுகிறார்கள். மத்தியில் இருக்கிறவருக்கு இவை எப்போதும் தலையிடி. அனத்தோலிக்கோனின் தளபதியாக இருந்த லியோ 717இல் தானே அரியணை ஏறினார். அவருடைய மகன் ஐந்தாம் கொன்ஸ்தாந்தினுக்கு எதிராக 742இல் ஒப்சிக்கியோனின் தலைவர், அவருடைய அக்காவின் புருஷன், கிளம்பினார். கிளர்ச்சியை அடக்கின பிறகு மன்னர் செய்த வேலை, ஒப்சிக்கியோனைத் துண்டு துண்டாகப் பிரித்தது. தகப்பன் எந்த வழியால் ஏறினார் என்று மகனுக்குத் தெரியும். தான் வைத்தது தன்னை மீறி வளர்ந்தால் அதைச் சின்னதாக்கி மறுபடி வைக்கவேண்டும்.

இலக்கணக்காரர் இந்தச் சொல்லை வைத்து ஒரு பகிடி விட்டிருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். கிரேக்கம், சமஸ்கிருதம் போன்ற மொழிகளில் வேருக்கும் விகுதிக்கும் நடுவில் ஓர் உயிர் வந்து உட்காரும். அந்த உயிர் வருகிற வினைகளைத் தீமற்றிக் என்பார்கள், வராதவற்றை அதீமற்றிக் என்பார்கள். சரி, தெமா பிறந்த அந்தத் 'தித்தேமி' எந்த வகை? அதீமற்றிக்! சமஸ்கிருதத்தின் 'ததாதி'யும் அப்படியே. எல்லாத் தீமையும் பெற்ற தாய்க்கு ஒரு தீமும் இல்லை. (தமிழில் எழுதும்போது இந்த வசனம் வேறு விதமாகவும் வாசிக்கப்படும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியே இருக்கட்டும்.)

இசையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு படைப்பில் திரும்பத் திரும்ப வந்து உருமாறுகிற மெட்டுத் துண்டு அங்கே தீம். படைப்புகளின் பட்டியலில் பெயரோடு ஆரம்பச் சுரங்களையும் எழுதி வைத்தால் அது தீமற்றிக் பட்டியல். மொசார்ட் 1784இல் இருந்து தன் படைப்புகளுக்கு அப்படி ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். அவருடைய எல்லாப் படைப்புக்கும் 1862இல் அப்படிப் பட்டியல் போட்டவர் கெக்கெல். மொசார்ட்டின் இசைத்தட்டுகளில் 'கே' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இலக்கம் அவர் போட்டது. தலைப்பில்லாத நூற்றுக்கணக்கான சிம்பனிகளும் சொனாட்டாக்களும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பது அந்த முதல் நாலு சுரங்களின் புண்ணியம். தீமற்றிக் என்ற சொல் யாருக்கும் கெடுதல் செய்யாமல் உழைத்த இடம் இதுதான் என்று நினைக்கிறோம்.

20ஆம் நூற்றாண்டில் சொல் ஆளின் மண்டைக்குள் போனது. ஹாவார்ட் உளவியல் கிளினிக்கில் கிறிஸ்டியானா மோர்கன், ஹென்றி மறே என்ற இருவர் 1935இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவருக்குப் படங்களைக் காட்டுவது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை சொல்லச் சொல்வது. கதையில் இருந்து அவருடைய உள்மனதைப் படிப்பது. இதன் பெயரை ஆங்கிலத்தில் 'தீமற்றிக் அப்பர்செப்ஷன் ரெஸ்ற்' என்பார்கள். ஆளின் தேவையும் வெளியில் இருந்து வரும் அழுத்தமும் சந்திக்கிற புள்ளியைத்தான் மறே 'தெமா' என்று அழைத்தார். முதல் அட்டையில் மேசைமேல் ஒரு வயலின், அதைப் பார்த்தபடி ஒரு பையன். அவன் வாசிக்க விரும்புகிறானா, வாசிக்கச் சொல்லி வற்புறுத்தப்படுகிறானா? அதைப் படம் சொல்லாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இரண்டு விடயங்கள் எங்களை இந்தச் சோதனையில் நிற்கவைத்தன. 1935இல் வந்த கட்டுரையில் மோர்கனின் பெயர் முதலாவது. படங்களில் சிலவற்றை வரைந்தவரும் அவரே. ஆனால் 1943இல் ஹாவார்ட் பல்கலைக்கழக அச்சகம் சோதனையைக் கைநூலோடு வெளியிட்டபோது அட்டையில் மறேயின் பெயரும் கிளினிக் பணியாளர்கள் என்ற பொதுச் சொல்லும்தான் இருந்தன. மோர்கன் இல்லை. மற்றவர்கள் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கிற கருவியை உண்டாக்கியவரையே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். மற்றது பதினாறாவது அட்டை. அதில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. நீயே ஒரு படத்தை நினைத்து, நீயே கதை சொல்லு.

அந்த வெள்ளை அட்டையை நாங்கள் கூட்டத்தில் செய்து பார்த்தோம், ஏ4 தாளில். வந்த கதைகளை இங்கே எழுதமாட்டோம். அரை மணித்தியாலம் யாரும் பகிடி விடவில்லை என்று மட்டும் சொல்லலாம். சின்ன வயதில் இருந்து எத்தனை போட்டிக்கு எழுதியிருக்கிறோம்: சமாதானம், சுற்றாடல், போதை ஒழிப்பு, நல்லிணக்கம். எங்கள் எல்லாருக்கும் மூன்றாவது பந்தியில் என்ன வரவேண்டும் என்று தெரியும். வெள்ளைத் தாள்தான் தெரியாது.

இப்போது பல்கலைக்கழகங்களில் இந்தச் சொல்லுக்குப் புது வாழ்வு வந்திருக்கிறது. நேர்காணல் செய்து ஆய்வு எழுதுகிற மாணவர்கள் எல்லாரும் 'தீமற்றிக் அனலிசிஸ்' செய்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது நியூசிலாந்தின் விர்ஜீனியா பிரவுணும் இங்கிலாந்தின் விக்ரோறியா கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரை. எங்கள் அக்காமார் இருவரின் ஆய்வேட்டில் ஒரு வசனம் அச்சடித்ததுபோல ஒரே மாதிரி இருக்கிறது: தரவுகளில் இருந்து பின்வரும் தீம்கள் வெளிவந்தன. வேடிக்கை என்னவென்றால், பிரவுணும் கிளார்க்கும் அந்தக் கட்டுரையில் கண்டிப்பது இந்த வசனத்தைத்தான். தீம்கள் தாமாக வெளிவருவதில்லை. ஆய்வாளர்தான் தெரிகிறார், சேர்க்கிறார், பெயரிடுகிறார். 'வெளிவந்தன' என்று எழுதுவது அந்த வேலையை மறைப்பது என்கிறார்கள். தித்தேமி என்ற வினையிடம் போய்க் கேட்டிருந்தால் அதுவும் இதைத்தான் சொல்லியிருக்கும். வைக்காமல் எதுவும் வைக்கப்பட்டிருக்காது.

இனித் தமிழுக்கு வருவோம், சண்டை இன்னும் முடியவில்லை.

'கருப்பொருள்' என்று நாங்கள் இன்று எழுதுவது கதையின் மையக் கருத்தை. ஆனால் தொல்காப்பியத்தில் இந்தச் சொல் செய்கிற வேலை வேறு. அகத்திணையியல் முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தில் கருக்கொண்டு இருப்பவை கரு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அதாவது கையால் தொடக்கூடிய, காதால் கேட்கக்கூடிய பொருட்கள். மனிதருக்குள் நடப்பது உரி: புணர்தல், பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல். 'தீம்' என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குக் கிட்ட வருவது உரிப்பொருள்தான். நாங்கள் ஏனோ கருவைத் தூக்கி அந்தக் கதிரையில் இருத்திவிட்டோம். பனையும் உப்பும் வலையும் இருந்த இடத்தில் இப்போது 'ஒன்றிணைந்த நாளை' இருக்கிறது.

'தொனிப்பொருள்' இன்னும் விசேஷம். தொனி என்பது சமஸ்கிருதத் 'துவனி'. 9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் 'துவன்யாலோகம்' என்ற நூலில் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். சொல் நேராகச் சொல்வது ஒன்று. சொல்லாமல், மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்கிற அதிர்வுபோல உணர்த்துவது இன்னொன்று. கவிதையின் உயிர் இந்த இரண்டாவதுதான் என்பது அவருடைய கட்சி. தொனி என்றால் சொல்லாதது. நாங்கள் அதை எடுத்து, ஆறடிப் பதாகையில், மூன்று மொழியில், இலச்சினைகளுக்கு மேலே அச்சடித்து, ஒலிவாங்கியில் மூன்று தரம் வாசிக்கிறோம்.

இப்படிக் கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அக்காக்காரி தங்கச்சியின் கட்டுரையைப் பையில் இருந்து எடுத்தாள். கொப்பித் தாளில் நாலு பக்கம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம். சைக்கிள் இருக்கிறது, அதன் பழைய மணி இருக்கிறது, தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய்ப் போத்தல் இருக்கிறது, கோடிக்குள்ள இருக்கிற மாமரம் இருக்கிறது. தொல்காப்பியக் கணக்கில் எல்லாம் கரு. அம்மா மாதத்தில் ஒருநாள் செய்கிற வேலை, அதை அந்தக் கணக்கில் இருத்தல் என்பதா இரங்கல் என்பதா என்று எங்களுக்குள் திரும்பவும் வாக்குவாதம். வரமாட்டார் என்று தெரிந்தால் இரங்கல். வருவார் என்றால் இருத்தல். தங்கச்சி அதைத் தெளிவாக எழுதவில்லை. 'காணாமல்' என்ற சொல் நாலு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை. கடைசிப் பந்தியில் அம்மா சீற்றின் உயரத்தைக் குறைக்க விடவில்லை என்று மட்டும் இருக்கிறது. தங்கச்சிக்குக் கால் எட்டாது, அவள் ஓடக் கேட்டிருக்கிறாள், அம்மா ஸ்பனரை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறா.

தொனிப்பொருளுக்குள் வரவில்லையாம்.

கட்டுரையை அடுத்த மாதம் இங்கே போடலாமா என்று அவளிடமே கேட்கச் சொன்னோம். போடலாம், ஆனால் அம்மாவிடம் முதலில் வாசித்துக் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. தமிழ் இணையத்தில் முன்னோடிகள் இப்படியான எழுத்துக்கு 'இடுகை' என்று ஒரு பெயர் வைத்தார்கள், இடப்பட்டது என்று அர்த்தம். தெமா என்பதற்கு ஒரு எழுத்துப் பிசகாத மொழிபெயர்ப்பு. எங்களில் ஒருவர் அதைச் சொன்னதும், மற்றவர் அப்ப 'தீமற்றிக்' என்றால் 'இடுபொருள் சார்ந்த' என்று போடுவோம் என்றார். இடுபொருள் என்றால் கமக்காரருக்கு விதையும் உரமும் அல்லோ எண்டு மூன்றாமவர். கூட்டம் அந்த இடத்தில் கலைந்தது, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.